பாத்ரூம் பக்கத்து அப்பா

பல் டாக்டர் வீட்டில் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனபோதுதான் நூல்கண்டு தன் அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா சுவரில் தொங்கிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் பாத்ரூம் கதவு, இன்னொரு பக்கம் படுக்கையறைக் கதவு, நடுவில் அப்பா. ஜன்னலோர நாற்காலியில் தலையைச் சாய்த்து, வாயைக் கொஞ்சமாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அது அவளே எடுத்த போட்டோ. அவர் காலை மூடியிருந்த போர்வை மட்டும் போட்டோ அல்ல. சாம்பல் நிறத்திலும் பழுப்பு நிறத்திலும் நூல் கோத்து, ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து, அவள் கையால் தைத்த போர்வை.

"அந்தக் கதவுதான்மா. லைட் ஸ்விட்ச் வெளியில இருக்கு" என்றார் டாக்டரின் மனைவி.

ஸ்விட்ச் அப்பாவின் காதை ஒட்டி இருந்தது. பாத்ரூமுக்குப் போகிற யாராக இருந்தாலும் அப்பாவின் காதைத் திருகுவதுபோல் கையை நீட்டித்தான் லைட் போட்டாக வேண்டும்.

நூல்கண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வந்த காரியம் மறந்துபோயிற்று.

நூல்கண்டு என்பது பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். அவளுடைய சுருட்டை முடியைப் பார்த்து யாரோ வைத்தது. பிற்பாடு அவள் போட்டோவைப் பருத்தித் துணியில் அச்சடித்து, அதன்மேல் ஊசியும் நூலுமாக வேலை செய்கிற கலைஞராக ஆனபோது, பெயர் வைத்தவன் தீர்க்கதரிசி என்று எல்லாரும் சொன்னார்கள். கண்காட்சி வைத்தால் படம் சேகரிக்கிறவர்கள் வந்து பார்ப்பார்கள், சிலர் வாங்குவார்கள். பல் டாக்டர் போன வருடம் அப்பாவை வாங்கியவர். படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். இன்றைக்குத்தான் முதல்முறையாக வீட்டுக்கு டீ குடிக்கக் கூப்பிட்டிருந்தார்.

பாத்ரூம் பக்கத்தில் மாட்டியிருப்பதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் ஹால்?

ஹாலின் நடுச்சுவரில், பெரிய சோபாவுக்கு மேலே, விளக்குப் போட்டு, ஜிகினாவின் கடல் படத்தை மாட்டியிருந்தார்கள்.

ஜிகினாவும் இவளோடு ஒன்றாகப் படித்தவள்தான். அவளும் போட்டோமேல் தைக்கிறவள்தான். போட்டோவில் ஊசி குத்தலாம் என்ற யோசனை யாருக்கு முதலில் வந்தது என்று கேட்டால், இவள் தனக்கு என்பாள், அவள் தனக்கு என்பாள். இரண்டு பேரும் ஒரே கேண்டீன் மேசையில் உட்கார்ந்து பேசிய பேச்சு அது. உண்மை அந்த மேசைக்குத்தான் தெரியும். ஒன்று மட்டும் நிச்சயம். இவள் நூலோடு நிறுத்திக்கொண்டாள். அவள் சம்கி, சரிகை, மணி என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்துத் தைத்தாள். ஜிகினாவின் கடலைக் கண்ணைச் சுருக்காமல் பார்க்க முடியாது.

நூல்கண்டு முகத்தைக் கழுவிக்கொண்டு ஹாலுக்குத் திரும்பினாள். ஜிகினா சோபாவில் தன் கடலுக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தாள்.

"உன்னோடது உள்ள இருக்கு. பாத்தியாடி?" என்று மெல்லக் கேட்டாள்.

"பாத்தேன்."

"ம்... உள்ள இருக்கு" என்று மறுபடி சொல்லிவிட்டு, பெருமூச்சு விட்டு, ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள்.

நூல்கண்டு அந்தப் பெருமூச்சை மனதில் குறித்துக்கொண்டாள். குத்திக்காட்டுவதில் எத்தனை நாசூக்கு!

டாக்டர் கைகளைத் தேய்த்துக்கொண்டே வந்தார். "எப்படிம்மா இருக்கு, படம் வெச்ச இடம்?"

"ரொம்ப... வசதியான இடம் டாக்டர்."

"எனக்கும் அப்படித்தான் தோணிச்சு" என்று மலர்ந்தார் டாக்டர். "அடுத்த மாசம் என்னை மாதிரி படம் சேகரிக்கறவங்க கொஞ்சம் பேர் வீட்டுக்கு வராங்க. நீங்க ரெண்டு பேரும் குடும்பத்தோட வந்துடணும்."

ஜிகினா தலையாட்டினாள். அவள் ஆட்டியதைப் பார்த்து நூல்கண்டு இன்னும் கொஞ்சம் அதிகமாக ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்பா கேட்டார்.

"என்னை எங்கம்மா மாட்டியிருக்காங்க?"

அப்பா ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர். மனிதர்களை மேலே கொண்டுபோவதும் கீழே கொண்டுவருவதுமாகவே வாழ்நாள் போனதால், யார் எந்த உயரத்தில் இருக்கிறார்கள் என்பதில் அவருக்கு ஓர் அக்கறை உண்டு. அந்தப் படத்தை எடுத்தபோது, "மனுஷன் வாயைப் பொளந்துட்டுத் தூங்கறப்பதான் உனக்குக் கலை வருமா?" என்று ஒரு வாரம் பேசாமல் இருந்தவர். அது விற்றதும், "நான் போன வேலை நல்லபடியா முடிஞ்சுது" என்பதுபோல நடந்துகொண்டார்.

"ஹால்லப்பா" என்றாள் நூல்கண்டு.

"ஹால்ல எங்க?"

"நடுச்சுவர்ல."

"சோபாவுக்கு மேலயா?"

"ஆமாம்ப்பா."

"பெரிய சோபாவா?"

"ஏழு பேர் உக்காரலாம்ப்பா. லைட்டெல்லாம் போட்டிருக்காங்க."

அப்பா எழுந்து போய்க் கண்ணாடியில் முகம் பார்த்தார். வாயைக் கொஞ்சம் திறந்து பார்த்து மூடிக்கொண்டார்.

சமையலறையில் அவளுடைய கணவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். யாருக்கு எது சரியாகத் தெரியவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் அவன் தொழில்.

"எங்க மாட்டியிருக்காங்க?" என்றான் மெதுவாக.

"அதான் சொன்னேனே, ஹால்ல."

"பொய் சொல்றப்ப நீ ஊசியில நூல் கோக்கற மாதிரி ஒரு கண்ணை மூடிக்கறே. எங்க மாட்டியிருக்காங்க?"

"பாத்ரூம் பக்கத்துல" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "ஹால்ல யாரு தெரியுமா? அவ! அந்தக் கடலு! கடலாங்க அது? பித்தளைக் கடைக்காரன் தண்ணில விழுந்த மாதிரி இருக்கு!"

"பாத்ரூம் பக்கத்துலன்னா எல்லாரும் பாப்பாங்களே. ஹால்ல உக்காரறவன் சோபாவுல முதுகைக் காட்டிட்டுத்தான் உக்காருவான்."

"எனக்கு ஆறுதல் சொல்லாதீங்க."

"சரி, சொல்லல. மாமாகிட்ட உண்மையைச் சொல்லிடு."

அதற்கு நேரம் கடந்துவிட்டது. சாயங்காலம் பூங்காவில் நடக்கப்போன அப்பா, கூட நடக்கிற நண்பர்கள் அத்தனை பேரிடமும் சோபாவின் நீளம் உட்படச் சொல்லிவிட்டார். அதில் இரண்டு பேர் அடுத்த மாதம் கூடவே வருவதாகவும் முடிவாகிவிட்டது. சட்டையை இஸ்திரி போடக் கொடுத்தும் ஆயிற்று.

ஆக, அப்பாவை எப்படியாவது ஹாலுக்குக் கொண்டுவந்தாக வேண்டும். நேராகக் கேட்டால் கௌரவக் குறைவு. "என் படத்தை எடுத்து நடுவுல மாட்டுங்க" என்று எந்தக் கலைஞன் கேட்பான்? நூல்கண்டு ஒரு காரணத்தைத் தயார் பண்ணிக்கொண்டு டாக்டருக்குப் போன் போட்டாள்.

"டாக்டர், அந்தப் படம் பாத்ரூம் பக்கத்துல இருக்கே, ஈரம் ஒத்துக்காது. நூல் பொதபொதன்னு ஊறிடும்."

டாக்டர் பதறிப்போனார். "ஐயையோ! எனக்கு இது தோணவே இல்லையே! இப்பவே எடுத்துடறேன்மா."

"கொஞ்சம் காத்தோட்டமா, விசாலமான இடமா..." என்று ஆரம்பிப்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் அவரே கூப்பிட்டார். "இனிமே கவலையே இல்லைம்மா. அந்தப் படத்தை மெத்துனு துணியில சுத்தி, ஈரம் உறிஞ்சற பொட்டலமெல்லாம் போட்டு, என் துணி அலமாரியில பூட்டி வெச்சுட்டேன். சாவி என்கிட்டயேதான் இருக்கு. ஒரு சொட்டு ஈரம் அண்டாது."

பாத்ரூம் பக்கத்தில் இருந்தபோதாவது நாலு பேர் காதைத் திருகினார்கள். இப்போது அப்பா டாக்டரின் கால்சட்டைகளுக்கு நடுவில் இருட்டில் கிடந்தார்.

"கடல் எங்க இருக்கு?" என்று கேட்டான் கணவன்.

"கடலுக்கு என்ன, ஹால்லதான் இருக்கு. கடலுக்கு ஈரம் ஒண்ணும் பண்ணாதே!"

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். தூங்கப் போனால் கண்ணுக்குள் சம்கி மின்னியது. மறுபடி போன் போட்டாள்.

"டாக்டர், யோசிச்சுப் பாத்தேன். மூடின அலமாரியில வெச்சா பூச்சி வந்துடும். துணிப்பூச்சிக்கு என் நூல்னா உசிரு. வெளிச்சமான இடத்துல, ஆளுங்க வந்து போற இடத்துல இருந்தா பூச்சி கிட்டயே வராது."

ஆட்கள் வந்து போகிற வெளிச்சமான இடம் என்றால் ஒரு வீட்டில் ஹாலைத் தவிர வேறு என்ன இருக்க முடியும்? நூல்கண்டு தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

டாக்டர் அன்றைக்கே படத்தை எடுத்துக்கொண்டு போய்த் தன் கிளினிக்கில் மாட்டிவிட்டார்.

"ஆளுங்க வந்துட்டே இருக்காங்கம்மா" என்றார் சந்தோஷமாக. "வெளிச்சம்னா வெளிச்சம், அப்படி ஒரு வெளிச்சம். பல் பிடுங்கற நாற்காலிக்கு நேர் எதிர்ல. நாள் பூரா என் கண்ணு முன்னாலயே இருக்கும்."

அதைக் கேட்டதும் நூல்கண்டு போனைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயைத் திறந்தபடி தூங்குகிற அப்பா, வாயைத் திறந்தபடி அலறுகிறவர்களுக்கு எதிரில்! வருகிறவர்கள் அவரை டாக்டரின் பழைய கேஸ் என்று நினைப்பார்களே தவிர, கலை என்றா நினைப்பார்கள்?

நேரில் போய்ப் பேசினால்தான் சரிப்படும் என்று கிளம்பினாள். காரணமில்லாமல் எப்படிப் போவது? பல் வலி என்று சொல்லி டோக்கன் வாங்கி உட்கார்ந்தாள். கூப்பிட்டதும் உள்ளே போனாள். அப்பா எதிர்ச்சுவரில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பல் தேய்க்கும் முறையை விளக்குகிற படம் ஒன்று. அதுதான் அவரைவிடப் பெரிதாக இருந்தது.

"டாக்டர், நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"முதல்ல வாயைத் திறங்க."

"இல்ல டாக்டர், அந்தப் படத்தை..."

"படம் எங்கயும் போயிடாது. பெரிசா திறங்க. ஆ!"

திறந்தாள். டாக்டர் கண்ணாடிக் குச்சியை விட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "இதை எப்படிம்மா இத்தனை நாள் தாங்கினீங்க? கடைசிப் பல்லு படுத்துக்கிட்டு வளர்ந்திருக்கு. எடுத்தே ஆகணும்."

வலியே இல்லை என்று சொல்ல முடியாது. வலி என்றுதானே டோக்கன் வாங்கியிருக்கிறாள்? ஊசி போட்டார்கள். இத்தனை வருடமாகத் துணியில் ஊசி குத்திக்கொண்டிருந்தவளுக்கு அன்றைக்குத்தான் துணியின் கஷ்டம் தெரிந்தது. பல் வந்துவிட்டது. வாய் நிறையப் பஞ்சு வைத்தார்கள்.

"இப்ப சொல்லுங்க, என்ன விஷயம்?" என்றார் டாக்டர், கையைக் கழுவிக்கொண்டே.

நூல்கண்டு படத்தைக் காட்டினாள். "ஆல்" என்றாள். ஹால் என்று சொல்லத்தான் நினைத்தாள். பாதி நாக்கு வேலை செய்யவில்லை.

"ஆளா?"

"ஆல்! ஆல்!" என்று இரண்டு கையாலும் ஒரு பெரிய சுவரை வரைந்து காட்டினாள்.

"ஆள் வேணுமா? பெரிய பெட்டியில வெச்சு ஆள்கிட்ட குடுத்து அனுப்பணுமா?" டாக்டருக்குப் புரிந்துவிட்டது. "ஓ, நூல் கெட்டிருக்கான்னு நீங்களே ஒரு தடவை பாக்கணும்ங்கறீங்க! இதை இத்தனை சிரமப்பட்டா சொல்லணும்? சாயங்காலமே ஆள் அனுப்பறேன்."

நூல்கண்டு வேகவேகமாகத் தலையை ஆட்டி மறுத்தாள். ஆட்டியதில் பஞ்சு நழுவியது.

"ஆட்டாதீங்க, ஆட்டாதீங்க. சந்தோஷம் புரியுது" என்றார் டாக்டர்.

சாயங்காலம் ஆள் வந்தபோது கதவைத் திறந்தது அப்பா. பெட்டியை வாங்கி, பிரித்து, உள்ளே தன்னையே பார்த்தார்.

நூல்கண்டு வீங்கிய கன்னத்தோடு அறையிலிருந்து ஓடிவந்தாள்.

"என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்களாம்மா?" என்று கேட்டார் அப்பா. குரல் சின்னதாக இருந்தது. லிஃப்டில் பெரிய அதிகாரிகள் ஏறும்போது ஒதுங்கி நின்ற குரல்.

"இல்லப்பா" என்றாள், பஞ்சுக்குள்ளிருந்து. "விருந்தாளிங்க வராங்கல்ல, அதுக்கு முன்னால கொஞ்சம்... மெருகு போடச் சொல்லியிருக்காரு."

"எனக்கா?"

"போர்வைக்குப்பா."

அப்பா அரைமனதாகத் தலையசைத்துவிட்டுத் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அன்று அவர் பூங்காவுக்குப் போகவில்லை.

நூல்கண்டு படத்தை மேசைமேல் விரித்துவைத்துப் பார்த்தாள். அவளுக்குத் தன் வேலையின்மேல் முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. சாம்பல், பழுப்பு, மறுபடி சாம்பல். பத்தடி தள்ளி நின்றால் போர்வை இருப்பதே தெரியாது. இதை எப்படி ஹாலில் மாட்டுவார்கள்? ஹாலில் மாட்ட வேண்டுமென்றால் வாசலிலிருந்தே கண்ணைப் பறிக்க வேண்டும். ஜிகினாவின் கடல் அப்படித்தானே பறித்தது?

மெருகு என்று வாயில் வந்த பொய் மெல்ல மெல்ல ஒரு யோசனையாக மாறியது. அலமாரியைத் திறந்தாள். எந்தக் காலத்திலோ யாரோ பரிசாகக் கொடுத்த சம்கி டப்பா ஒன்று, பிரிக்காமல் மூலையில் கிடந்தது.

முதலில் போர்வையின் ஓரத்துக்கு மட்டும் ஒரு வரிசை வெள்ளிச் சரிகை. ஓரம் மின்னியதும் நடுப்பகுதி அழுக்காகத் தெரிந்தது. நடுவில் கொஞ்சம் சம்கி. நடுப்பகுதி மின்னியதும் அப்பாவின் சட்டை களையிழந்து தெரிந்தது. பொத்தான்களுக்கு மணி.

கணவன் கடையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தான்.

"மாமா ஏதாவது நாடகத்துல நடிக்கப் போறாரா?" என்றான்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. தள்ளி நின்னு பாருங்க."

தள்ளி நின்றான். "இன்னும் தள்ளி நிக்கட்டுமா? தெருவுல போய் நின்னா நல்லாருக்கும்னு தோணுது."

"ஏன், அவ வெச்சா கலை, நான் வெச்சா நாடகமா?"

"அவ கடல்ல வெச்சா. கடல் மின்னும். போர்வை எதுக்கு மின்னுது? அந்த மனுஷன் தூங்க வேணாமா?"

அந்தக் கேள்வி நெஞ்சில் ஒரு கணம் உட்கார்ந்தது. பிரித்துவிடலாமா என்று கத்தரிக்கோலைக்கூட எடுத்தாள். ஆனால் போட்டோத் துணியில் ஊசி ஒரு தரம் இறங்கினால் இறங்கியதுதான். நூலை உருவினால் ஓட்டை பல்லிளிக்கும். அத்தோடு, ஜிகினாவின் அந்தப் பெருமூச்சு காதில் கேட்டது. "ம்... உள்ள இருக்கு." கத்தரிக்கோலை வைத்துவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டாள்.

படத்தை அவளே எடுத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போனாள். டாக்டர் ஆவலோடு பெட்டியைத் திறந்தார். பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"போர்வை மின்னுதேம்மா."

"லைட்டுக்குக் கீழ இன்னும் நல்லா மின்னும் டாக்டர்."

"ம். மின்னுது." விரலால் ஒரு சம்கியைத் தொட்டுப் பார்த்தார். "இதைப் பிரிக்க முடியுமா?"

"பிரிக்கவே முடியாது டாக்டர். காலத்துக்கும் அப்படியே இருக்கும்" என்றாள் பெருமையோடு.

டாக்டர் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தவராக நிமிர்ந்தார். "இனிமே இது உள்ள இருக்க வேண்டிய படம் இல்லைம்மா. ஹாலுக்குத்தான் சரி."

நூல்கண்டுக்குப் பிடுங்கிய பல் திரும்ப முளைத்ததுபோல் இருந்தது. எத்தனை நாள் பாடு! அப்படியே கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். பொறாமை விடவில்லை.

"அப்ப உள்ள அந்த ஆணி சும்மா இருக்குமே டாக்டர். ஹால்ல இருக்கிற கடலை வேணா அங்க மாட்டிடுங்களேன்? தண்ணிதானே, பாத்ரூம் பக்கத்துல பொருத்தமா இருக்கும்."

டாக்டர் யோசித்தார். "அந்தக் கடலா? கொஞ்ச நாளா அதைப் பத்தி நானும் யோசிச்சிட்டுத்தான் இருந்தேன். நீங்களே சொல்றீங்கன்னா... சரி, மாட்டிடறேன். உங்களுக்குப் பெரிய மனசும்மா."

பெரிய மனசுக்காரி தெருவெல்லாம் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

விருந்தாளிகள் வருகிற நாளும் வந்தது. அப்பா மொடமொடப்பான சட்டை போட்டுக்கொண்டு, பூங்கா நண்பர்கள் இரண்டு பேரோடு முன்னால் நடந்தார். நூல்கண்டும் கணவனும் பின்னால் போனார்கள். ஹாலுக்குள் நுழைந்ததும் நண்பர்கள் இருவரும் நின்றுவிட்டார்கள்.

நடுச்சுவரில், பெரிய சோபாவுக்கு மேலே, விளக்கு வெளிச்சத்தில் அப்பா தகதகத்துக்கொண்டிருந்தார்.

"நீ சொன்னப்ப நான் நம்பலைப்பா" என்றார் ஒரு நண்பர்.

"ராஜா மாதிரி இருக்கியே! ஆனா ராஜா ஏன்யா வாயைத் திறந்துட்டுத் தூங்கறாரு?" என்றார் இன்னொருவர்.

"அது கலை. உனக்குப் புரியாது" என்றார் அப்பா. சொல்லிவிட்டு, படத்துக்குக் கீழே போய் நின்றுகொண்டார். வருகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு அவரைப் பார்ப்பதும், அவர் அடக்கமாகத் தலையைக் குனிவதுமாக இருந்தது. கோட்டுப் போட்ட ஒருவர் கிட்டே வந்து சம்கியை எண்ணுவதுபோல் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். பிறகு டாக்டரைத் தனியாக அழைத்துக்கொண்டு போய்ப் பேசினார். நூல்கண்டு ஒரு கண்ணை இங்கேயும் ஒரு கண்ணை வாசலிலும் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஜிகினா வந்தாள். நடுச்சுவரைப் பார்த்தாள். அவள் முகம் குழம்பியது.

"என்னோட கடல் எங்கடி?"

இந்தக் கேள்விக்காகத்தானே நூல்கண்டு ஒரு பல்லையே கொடுத்திருக்கிறாள்? குரலில் தேனைத் தடவிக்கொண்டு சொன்னாள்.

"உள்ள இருக்குடி. பாத்ரூம் பக்கத்துல. போய்ப் பாரு."

ஜிகினா ஓட்டமும் நடையுமாக உள்ளே போனாள். போனவள் சீக்கிரம் வரவில்லை. வந்தபோது கண் இரண்டும் சிவந்து, மூக்கு நுனி நனைந்திருந்தது.

நூல்கண்டு எதிர்பார்த்த காட்சிதான். ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இனிக்கவில்லை. என்ன இருந்தாலும் ஒரே மேசையில் சாப்பிட்டவள். தான் பாத்ரூமுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மனசைத் தளரவிடாதேடி. இடத்துல என்ன இருக்கு? எங்க இருந்தாலும் கடல் கடல்தானே."

ஜிகினா இரண்டு கையாலும் நூல்கண்டைக் கட்டிக்கொண்டு தோளில் முகம் புதைத்து விசும்பினாள். "நீதான் டாக்டர்கிட்ட சொன்னியாமே... இப்பதான் அவர் சொன்னாரு... உன் இடத்தை... யாருடி செய்வா இப்படி..." என்பதற்குமேல் வார்த்தை வரவில்லை.

அழுகிறாளா, திட்டுகிறாளா, நன்றி சொல்கிறாளா என்று ஒன்றும் புரியாமல் நூல்கண்டு அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தால், கோட்டுக்காரர் அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று கையை விரித்து அகலம் பார்த்துக்கொண்டிருந்தார். நிஜ அப்பா மரியாதையாக நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.

டாக்டரின் மனைவி டீத் தட்டோடு வந்தார். நூல்கண்டிடம் ஒரு கோப்பையை நீட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எங்க வீட்டுல ஹால்ல மாட்டறதெல்லாம் விக்கறதுக்குத்தான்மா, சாகறவரைக்கும் குடுக்கவே மாட்டேன்னு நினைக்கறதைத்தான் அவரு காலையில எழுந்ததும் கண்ணுல படணும்னு படுக்கையறை வாசல்ல மாட்டுவாரு, நல்லவேளை நீங்களா மனசு வெச்சு வெளிய கொண்டுவந்தீங்க, உங்க அப்பாவை இப்பதான் அந்தக் கோட்டுக்காரர் தன் ஹோட்டல் லிஃப்டுக்குப் பக்கத்துல மாட்ட விலை பேசி முடிச்சாரு."